நீளப் பெட்டி

கண்ணாடி மூடி பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. ஐஸ் பெட்டி கொண்டுவந்த இருவரில் மூத்தவர் குனிந்து பார்த்தார். இம்மானுவேலின் பாதங்கள் இரண்டும் விளிம்பைத் தாண்டி வெளியே நின்றன.

"முட்டிய லேசா மடக்கிக்கலாமா?" என்று கேட்டார். "சைடு வாக்குல சாய்ச்சிட்டா தெரியாது. மேல மாலைய போட்டுருவோம்."

"மடக்காதீங்க," என்றான் ஜெரால்ட்.

"இத வுட பெரிசு நம்மகிட்ட இல்ல சார்."

"அப்ப வேணாம். எடுத்துக்கினு போங்க."

அவர் ஜெரால்டின் முகத்தைப் பார்த்தார். பிறகு மேரியைப் பார்த்தார். மேரி கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பால் அவர் நெற்றியில் வந்து உட்கார்ந்த ஈயை ஓட்டினாள்.

"வெயில் ஏறுதுடா ஜெரால்டு," என்றான் பக்கத்து வீட்டு லோகு. "ஐஸ் இல்லாம எப்டி?"

"நாலு மணிக்கே எடுத்துரலாம். ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன்."

நான்கு பேர் பெட்ஷீட்டைப் பிடித்து இம்மானுவேலை மறுபடியும் கட்டிலுக்கு மாற்றினார்கள். கட்டிலும் அவருக்குப் போதாது. கால்மாட்டில் ஒரு ஸ்டூல், அதன்மேல் ஒரு தலையணை. கல்யாணமாகி வந்த புதிதில் மேரி அப்படி வைக்க ஆரம்பித்தாள். தூக்கத்தில் ஸ்டூல் நகர்ந்துவிடும். விடியும்போது முட்டியை மடக்கிச் சுருண்டு கிடப்பார். இன்று விடிந்தபோதும் அப்படித்தான் கிடந்தார். காபியைக் கொண்டுபோய் வைத்து, "ஆறுது, எழுந்திரு" என்று மேரி தோளைத் தொட்டபிறகுதான் தெரிந்தது. கட்டை விறைப்பதற்குள் ஜெரால்ட் மெல்ல மெல்லக் கால்களை நீவி நீட்டிவிட்டான். அது ஒன்றுதான் காலையிலிருந்து அவன் அப்பாவுக்கு உருப்படியாகச் செய்த வேலை. அந்தக் கால்களை இனி எவனும் மடக்கக் கூடாது.

சென்னையில் ஒரு கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் பாஸ்கெட்பால் கோச்சாக இருந்தவர் இம்மானுவேல். ரிட்டயர்டு ஆகி, திருநின்றவூரில் இந்த இரண்டு அறை வீட்டுக்கு வந்து இருபது வருடம் ஆன பின்பும் தெருவில் எல்லாருக்கும் அவர் கோச்தான். மளிகைக் கடைக்காரனுக்குக்கூட. ஜெரால்ட் அம்மாவைக் கொண்டு பிறந்தவன். அப்பாவின் நெஞ்சுக்குத்தான் வருவான். கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் மில்லில் வேலை.

மில் பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து அப்பாவை உச்சி முதல் குதிகால் வரை அளந்தான். திருவள்ளூரில் சவப்பெட்டி செய்யும் கோபாலுக்குப் போன் போட்டு அளவைச் சொன்னான்.

"ரெடிமேடு எதுவும் ஆவாது," என்றான் கோபால். "புதுசா அடிக்கணும். ரெண்டு மணிக்கு வா. அப்பாவா?"

"ஆமா. நீட்டிப் படுக்கணும் கோபாலு. அது மட்டும் பாத்துக்கோ."

லோகு தன் குட்டியானை வண்டியைத் துடைத்துப் பின்பக்கம் தார்ப்பாய் விரித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆட்டோ வந்து சாமியானாவுக்கு முன்னால் நின்றது. தோளில் ஒரு பை, கையில் கேமரா நிறுத்தும் முக்காலியோடு ஒரு பெண் இறங்கினாள். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தாள். வீட்டு நம்பரைப் பார்த்தாள். மறுபடியும் செருப்புகளைப் பார்த்தாள்.

"இம்மானுவேல் சார் வீடு..."

"இதாம்மா," என்றான் ஜெரால்ட்.

"நான் சோனியா. சேலத்துலேர்ந்து வர்றேன். சாரைப் பேட்டி எடுக்க." தோளிலிருந்த பையை இறக்கினாள். "நேத்து சாயங்காலம்கூடப் போன்ல பேசினாங்களே. ஸ்டேஷன்ல எந்தப் பக்கம் இறங்கணும்னு சொன்னாங்களே."

உள்ளிருந்து மேரி எட்டிப் பார்த்தாள். "வந்துட்டியாம்மா? வா, உள்ள வா."

சோனியா சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு பாஸ்கெட்பால் சொல்லிக்கொடுக்கிறவள். பழைய கோச்சுகளைத் தேடிப்போய்ப் பேசவைத்து யூடியூபில் போடுவாள். பதினைந்து நாளாக இம்மானுவேல் அவளுக்காகக் காத்திருந்தார். அவள் கட்டிலருகே போய் நின்றாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முக்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்காகத்தான் நேத்து ஷேவ் பண்ணிக்கினாரு," என்றாள் மேரி. "எனக்கு ஒழுங்கா தேய்க்கத் தெரியாதாம், சட்டைய அவரே தேச்சி மாட்டி வெச்சாரு. அதான் இது. போட்டுருக்கோம் பாரு. நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கும்மா."

"நாஷ்டா துன்னியா?"

சோனியா தலையாட்டினாள். அது ஆமாவா இல்லையா என்று தெரியவில்லை.

"பக்கத்து ஊட்ல இட்லி குடுத்தாங்க. போய்த் துன்னு. அப்புறம் இவன்கூட வண்டில போ. திருவள்ளூருக்குப் பொட்டி எடுக்கப் போறான். போக்கொள்ள, வரக்கொள்ள இன்னா கேக்கணுமோ இவனக் கேளு."

"அம்மா, என்னம்மா நீ," என்றான் ஜெரால்ட். "எனக்கு இன்னா தெரியும்?"

"அவ்ளோ தூரம் வந்த பொண்ண சும்மா அனுப்பினேன்னு தெரிஞ்சா என்னத் திட்டுவாரு." கட்டிலில் கிடந்தவரைக் காட்டித்தான் சொன்னாள்.

வண்டியில் மூவரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். வண்டி வேப்பம்பட்டைத் தாண்டியது. பிறகு சோனியா போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரெக்கார்டு போடட்டுமாண்ணா? வேண்டாம்னா வேண்டாம்."

"போட்டுக்கோ. ஆனா கேம் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"உங்களுக்கு சார் சொல்லித் தரலையா?"

லோகு சிரித்துவிட்டான். "இவனுக்கா? இவன் பந்தப் போட்டா வளையத்துக்குப் போறதுக்குள்ள பந்துக்கே மூச்சு வாங்கும்."

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு," என்றான் ஜெரால்ட். அவனுக்கும் உதடு இழுத்தது. "ரெண்டு நாள் கூட்டிக்கினு போனாரும்மா. மூணாம் நாளு, உனக்கு இது புடிக்கலன்னா வேணாம்டா, ஊட்லயே இருன்னாரு. குள்ளமா இருக்கேன்னு சொல்லல. புடிக்கலையான்னுதான் கேட்டாரு. அதோட சரி."

"வருத்தமா இருந்துச்சா?"

"எனக்கு ஜாலியா இருந்துச்சி. காலைல அஞ்சு மணிக்கு யாரு எழுந்துக்கிறது?"

சோனியா சிரித்து, உடனே வாயை மூடிக்கொண்டாள்.

"சிரிம்மா. பரவால்ல."

செவ்வாப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்டம். வண்டி நின்றது. யாருக்கும் தெரியாத ஒன்றை அவரைப் பற்றிச் சொல்லச் சொன்னாள் சோனியா. ஜெரால்ட் கட்டிலைப் பற்றிச் சொன்னான்.

மில்லில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியதும் அப்பாவுக்கென்று நீளமாக ஒரு கட்டில் செய்யச் சொன்னான். தேக்கு இல்லை, வேங்கை. வண்டியில் வந்து இறங்கியது. தெருவே வந்து பார்த்தது. அப்போது இருந்த சென்னை வீட்டில் அறைக்குள் கொண்டுபோய்ப் போட்டால் கதவு மூடவில்லை. குறுக்கே போட்டால் பீரோ திறக்கவில்லை. இம்மானுவேல் அதில் ஒரே ஒரு தடவை கையைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நீட்டிப் படுத்துப் பார்த்தார். "அடாடா" என்றார். பிறகு எழுந்து, "ஊட்ட வுட கட்டிலு பெரிசா இருக்குதுடா, திருப்பிக் குடுத்துரு" என்றார்.

"குடுத்துட்டீங்களா?"

"வேற இன்னா பண்றது? மறுபடியும் ஸ்டூலுதான். பஸ்ல போனாலும் மடக்கிக்கினு, ட்ரெயின்ல போனாலும் மடக்கிக்கினு. ஒலகத்துல எதையும் அவரு அளவுக்கு செய்யலம்மா."

கேட் திறந்தது. லோகு கியரைப் போட்டான்.

கோபாலின் பட்டறையில் பெட்டி தயாராகக் கிடந்தது. உள்ளே வெள்ளைத் துணி அடித்துக்கொண்டிருந்தான். வாயில் ஆணிகளைக் கவ்வியபடி ஜெரால்டை மேலும் கீழும் பார்த்தான். ஆணிகளைத் துப்பினான்.

"நீ அவரு புள்ளையா?"

"ஆமா."

"ஆளா பனமரமாப்பா உங்கப்பா? ஆறடி எட்டு அங்குலத்துக்கு இதுவர நான் பொட்டி அடிச்சதில்ல. பலகைய ஒட்டுப் போட்டிருக்கேன் பாரு."

"எட்டா? நாலுதானே."

"எட்டுன்னு சொன்னியே போன்ல. நான் ரெண்டு வாட்டி கேட்டேன். எட்டுன்னுதான் சொன்ன."

ஜெரால்ட் பெட்டியைப் பார்த்தான். சட்டென்று அவனுக்குப் புரிந்தது. நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"இன்னாடா?" என்றான் லோகு.

"கூட்டிச் சொல்லிட்டேன்டா."

"எதக் கூட்டி?"

மில்லில் கம்பியைச் சூட்டோடு வெட்டும்போது கேட்ட நீளத்துக்கு வெட்ட மாட்டார்கள். கொஞ்சம் கூட்டித்தான் வெட்டுவார்கள். ஆறினால் சுருங்கும். இருபத்தைந்து வருடமாக எந்த அளவைக் கேட்டாலும் அவன் வாய் தானாகக் கூட்டித்தான் சொல்லும். ஒருமுறை ஜன்னல் ஸ்கிரீனுக்கும் அப்படிச் சொல்லி, அது தரையில் புரண்டது. இன்று காலையும் டேப்பில் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போனில் வேறொன்றைச் சொல்லியிருக்கிறான்.

"அடப்பாவி," என்றான் லோகு. "பெத்த அப்பன் கம்பியாடா? ஆறினா சுருங்குவாருன்னு நெனச்சியா?"

முதலில் சிரித்தது கோபால். பிறகு லோகு. சோனியா திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், தோள் குலுங்கியது. ஜெரால்ட் பெட்டியின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். அதற்குப் பிறகும் நீர் நிற்கவில்லை. சோனியா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"கொறைக்கணும்னா பிரிச்சிதான் அடிக்கணும்," என்றான் கோபால். "நாலு மணிக்குள்ள ஆவாது."

"கொறைக்காத. இப்டியே இருக்கட்டும்."

லோகு கல்லறைத் தோட்டத்துக்குப் போன் போட்டு, குழியை இன்னும் ஒரு முழம் நீட்டச் சொன்னான். அந்தப் பக்கம் யாரோ கத்தியது எல்லாருக்கும் கேட்டது.

திரும்பி வரும்போது பின்னால் பெட்டி லேசாகத் தட்டிக்கொண்டே வந்தது. சோனியா போனைப் பார்த்தாள்.

"சார்கிட்ட கடைசியா கேக்கணும்னு ஒண்ணு வெச்சிருந்தேன். ரிட்டயர்டு ஆனப்புறம் பொழுது எப்படிப் போகுதுன்னு. உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

"அது தெரியும்," என்றான் ஜெரால்ட். "நான் கும்மிடிப்பூண்டில ஏறி, பேசின் பிரிட்ஜ்ல மாறி வருவேன். எறங்கக்கொள்ள ஒடம்புல ஒண்ணும் இருக்காது. ஸ்டேஷன் வாசல்ல நிப்பாரு. தெனமும். எந்த ட்ரெயினுன்னு கேக்கவே மாட்டாரு, வந்து நிப்பாரு. அவ்ளோ கும்பல்ல நான் அவருக்குத் தெரியமாட்டேன். அவரு எனக்குத் தெரிவாரு."

சோனியா இன்னொரு கேள்வி கேட்பாள் என்று அவன் காத்திருந்தான். அவள் ரெக்கார்டை நிறுத்திப் போனைப் பைக்குள் போட்டாள்.

தெருவில் சாமியானா நிறைந்திருந்தது. அப்பாவிடம் விளையாடியவர்கள் வந்திருந்தார்கள். எல்லாரும் நெட்டையாட்கள். தலை தட்டாமல் குனிந்து குனிந்து நின்றார்கள். பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது.

பெட்ஷீட்டோடு தூக்கி இம்மானுவேலைப் பெட்டிக்குள் இறக்கினார்கள். முழங்கால் நேராக இருந்தது. தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இடம் கிடந்தது. மேரி எழுந்து வந்து பார்த்தாள். பாதத்துக்கும் பலகைக்கும் நடுவே கையை விட்டாள். கை தாராளமாக உள்ளே போனது.

"கொஞ்சம் பெரிசா போச்சிம்மா," என்றான் ஜெரால்ட்.

"இருக்கட்டும்டா," என்றாள் மேரி. கையை உடனே எடுக்கவில்லை. "காலு இடிக்காது."

ஃபாதர் ஜெபம் சொல்லி முடித்ததும் சர்ச்சில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை ஆட்களைப் பிரித்து நிறுத்தினார். "ஒரே மட்டமா இருக்கிறவங்க நில்லுங்க. பொட்டி நீளம், சாஞ்சா உள்ள ஆளு சரிஞ்சிருவாரு. ஜெரால்டு, நீ தோளு குடுக்க முடியாதுப்பா. பின்னாடி கைய மட்டும் வெச்சிக்கினு வா."

சொன்னது நியாயம்தான். ஜெரால்ட் முன்பக்கத்திலிருந்து விலகினான். ஒருவர் அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். எட்வர்ட். அப்பாவின் முதல் டீம் ஆள். எழுபதை நெருங்குபவர்.

"எங்க போற? முன்னாடி வா தம்பி."

"இல்லண்ணா, சாஞ்சிரும்."

"வான்றேன்ல."

பெட்டி தோளுக்கு ஏறியது. சொன்னபடியே ஜெரால்டின் தோளுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. எட்வர்ட் திரும்பாமல் பின்னால் இருந்தவர்களிடம் சொன்னார்.

"டேய், டிபென்ஸ். எறங்குங்கடா எல்லாரும்."

யாரும் ஏனென்று கேட்கவில்லை. ஐந்து பேரும் கோர்ட்டில் கோச் பழக்கிய மாதிரியே முதுகு வளையாமல் முட்டியை மடக்கி இறங்கினார்கள். வேட்டி கட்டியவர் ஒரு கையால் வேட்டியைத் தூக்கிக்கொண்டார். யாருக்கோ மூட்டு சடக்கென்றது. பலகை இறங்கி வந்து ஜெரால்டின் தோளில் உட்கார்ந்தது. அதன் கனம் அவனுக்கு முழுதாக வந்தது.

"மட்டமா இருக்கா?" என்று எட்வர்ட் கேட்டார்.

"இருக்குண்ணா."

"அப்ப நட."

அவன் நடந்தான். பக்கத்தில் எட்வர்டின் தோள் அவன் தோளுக்குச் சமமாக வந்தது. அவருக்கு மூச்சு பெரிதாக வாங்கியது. மளிகைக் கடை தாண்டியது, மாதா சிலை வைத்த கெபி தாண்டியது, ரயில்வே லைன் ஓரத்து மண்பாதை வந்தது. ஒருவரும் நிமிரவில்லை.