கட்டிலுக்கடியில் தக்காளி

துறைமுகத்தில் மூன்றாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செல்போனில் பார்த்ததும் மொட்டைமாடிக்கு ஓடினேன். மீன் வரும் தெர்மாகோல் பெட்டிகளில் மண் போட்டு நான் வளர்த்த தக்காளிச் செடிகள். உப்புக்காற்றில் எப்படியோ பிழைத்து, மற்ற வீடுகளில் எல்லாம் காய்ப்பு முடிந்த பிறகு, டிசம்பரில் காய்த்துத் தொங்கின. ஒன்றுகூடச் சிவக்கவில்லை. காற்றுக்குத் தூக்கிக் கொடுக்க மனசு வரவில்லை. பச்சையாகவே எல்லாவற்றையும் பறித்து இரண்டு வாளியில் இறக்கிக்கொண்டு வந்தேன்.

தெருமுனையில் கடை வைத்திருக்கும் மந்திரமூர்த்தி அண்ணாச்சிதான் யோசனை சொன்னார். "வைக்கோலுக்குள்ள அடுக்கி, நாலு பழுத்த வாழப்பழத்தப் போட்டு வையி. தன்னால பழுக்கும். காத்து மட்டும் போயி வரணும், கேட்டியா?" கிறிஸ்மஸ் குடிலுக்கு வாங்கிய வைக்கோல் வீட்டில் இருந்தது. பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கினேன். வீட்டில் எலி. அந்தப் பயத்தில் அண்ணாச்சி சொன்னதில் பாதியை விட்டுவிட்டு, நாலு பக்கமும் கிளிப்பை அழுத்தி மூடி, எங்கள் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

கட்டிலுக்கு மேலே என் வீட்டுக்காரர் ரோச் படுத்திருந்தார். மாலத்தீவு மாலிக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை. கூண்டை இறக்கும்வரை தோணி கிளம்பாது, அதுவரை படுக்கைதான். ஆகஸ்டில் மாதா கோவில் திருவிழாவன்று குடியை விட்டவர். நாலு மாதம் ஆகிறது. நான் நம்பினேனா என்றால், நம்பினேன். நம்பிக்கொண்டே சட்டைப்பையையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி தொட்டால் மகள் ஜெமிமாவைக் கூட்டிக்கொண்டு தருவைகுளத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தேன். வெறும் மிரட்டல் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் டப்பாவைத் திறந்து மேலாகப் பார்த்தேன். காய்களில் லேசாக மஞ்சள் ஏறியிருந்தது. சந்தோஷமாக மறுபடி அழுத்தி மூடினேன். ஐந்தாம் நாளிலிருந்து படுக்கையறையில் ஒரு புளித்த வாடை. பதினாறு வருஷம் அந்த வாடையோடு குடும்பம் நடத்தியவள் நான், எனக்கா தெரியாது? அதற்கேற்றாற்போல அவர் கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு திரிந்தார். கேட்டால் பல்வலி. போன் வந்தால் எழுந்து வாசலுக்குப் போனார். கேட்டால் உள்ளே சிக்னல் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது, அதுதான் எனக்கு உறுத்தியது.

அவர் குளிக்கப் போகிற நேரமாகப் பார்த்துத் தேடினேன். பீரோவுக்குப் பின்னால், அரிசி டிரம்மில், கக்கூஸ் பிளஷ் தொட்டியில், குசினிப் பரணில் எல்லாம் கைவிட்டுப் பார்த்தேன். எங்கும் இல்லை. கிடைக்காததே எனக்குப் பெரிய சாட்சியாகப் போனது. மனுஷன் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒளித்திருக்கிறார்! இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

எட்டாம் நாள் பொழுது சாய்கிற நேரம் கேட்டேவிட்டேன்.

"எங்க வச்சிருக்கீங்க?"

"எத?"

"ரூமு முழுக்க நாறுது. எனக்கு மூக்கு இல்லன்னு நெனச்சீங்களா?"

எழுந்து உட்கார்ந்தார். "ஏளா, மாதா மேல சத்தியமா நான் தொடல."

"மாதாவ இதுல இழுக்காதீங்க."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் முகம் சட்டென்று வற்றிப்போனது. கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார்.

"குடிச்சாலும் இந்தப் பேருதான், குடிக்காட்டாலும் இந்தப் பேருதான். பெறவு நான் எதுக்குளா கெடந்து சாவுதேன்?"

கதவைக்கூட அறைந்து சாத்தாமல் போனார்.

சொன்னதைச் செய்வது என்று பெட்டி கட்ட உட்கார்ந்தேன். சூட்கேஸ் கட்டிலுக்கடியில் கிடந்தது. அதை இழுக்கக் குறுக்கே நின்ற டப்பாவை வெளியே எடுத்தேன். மூடி உப்பியிருந்தது. கிளிப்பை நெம்பியதும் அந்த வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. மேல் வரிசை அழகாகச் சிவந்திருந்தது. கீழே வாழைப்பழம் கறுத்து, தக்காளியெல்லாம் வெடித்து நுரைத்து, வைக்கோல் சாற்றில் ஊறிக் கிடந்தது. இரண்டு கையையும் அடிவரை விட்டுத் துழாவினேன். அப்போதும் பாட்டில் ஏதாவது தட்டுப்படாதா என்று தேடினேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் பொய்.

செல்லில் கூப்பிட்டேன். அவர் போன் தலையணைமேல் அடித்தது. பாடம் படித்துக்கொண்டிருந்த ஜெமிமா, "எங்கம்மா போற?" என்றாள். கையை நைட்டியில் துடைத்துக்கொண்டே தெருவில் இறங்கினேன். இத்தனை வருஷத்தில் நான் அவருக்குச் செய்ததிலேயே பெரிய துரோகம் இதுதான் என்று பட்டது, அழுகை வந்தது.

ஒயின்ஷாப்புக்கு எதிரே, சைக்கிள் கடைத் தகரத்துக்குக் கீழே தூறலுக்கு ஒதுங்கி நின்றார். போவதற்கு முன்னால் நிற்கிறாரா, போய்விட்டு வந்து நிற்கிறாரா, தெரியவில்லை.

"தக்காளிதான் அழுகிக் கெடந்துச்சி. என் தப்புதான்" என்றேன். "வீட்டுக்கு வாங்க."

மெதுவாக நடந்து பக்கத்தில் வந்து நின்றார். அந்த வாடை அடித்தது. என் கையில் இன்னும் தக்காளிச் சாறு பிசுபிசுத்தது. இரண்டு கையையும் மழைக்கு நீட்டித் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். இனி வாடை அடித்தால் அது என் கையிலிருந்து இல்லை; கழுவி முடித்த பிறகும் மூச்சை இழுக்காமல் நின்றேன்.