நாலாம் வாரெஷ்கின்

எழுத்தர் கட்டளைத்தாளைத் திருப்பி வைத்தார். ஒசிப் அதை மூன்று முறை படித்தான். மூன்று முறையும் அது மாறவில்லை. மூன்றாம் வாரெஷ்கின் வெள்ளிக்கிழமை நண்பகலில் கப்பலேறி, ஜப்பான் கடலில் மூன்றாண்டு பணிபுரிய வேண்டியது.

"நான் நாலாமவனுங்க."

"இன்னிக்கு நாலு. வெள்ளிக்கிழமை காலையில மூணு." எழுத்தர் பேனா முனையைத் துடைத்தார். "பெரியவர் ஓய்வுக்கு எழுதிக் குடுத்துட்டார். முதலாமவர் இறங்கினா மத்தவங்க ஆளுக்கு ஒரு படி ஏறணும். வாழ்த்துகள்."

ஜாரின் கடற்படையில் ஒரே குடும்பப்பெயர் கொண்ட அதிகாரிகளுக்கு மூப்பின்படி எண் உண்டு. வாரெஷ்கின் என்றால் கையுறைக்காரன். கையுறைக்காரர்களுக்கு ஜாரின் எந்தப் படையிலும் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. க்ரோன்ஷ்டாட் துறைமுகத்தின் உணவுக்கூடச் சுவரில் இருவர் படமாகத் தொங்கினார்கள். ஒருவர் பதினொரு பீரங்கியும் ஒரு பசுவும் வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்த அட்மிரல். அவர் பசுவுக்கும் பதக்கம் கேட்டு எழுதியவர். இன்னொருவர் தரைப்படைத் தளபதி. மூடுபனியில் வழி தவறி, பிடிக்கச் சொன்ன ஊரை விட்டுவிட்டு அடுத்த ஊரைப் பிடித்தவர். அந்த ஊர் தன் படை வசமே இருந்தது என்பது மறுநாள்தான் தெரிந்தது. ஆனாலும் வெற்றி வெற்றிதான் என்று மேலிடம் ஒத்துக்கொண்டது.

ஒசிப்புக்குப் புகழ் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் வேண்டும். பேதுரு நோன்பு சனிக்கிழமைதான் முடிகிறது. அதற்கு முன்னால் எந்தப் பாதிரியாரும் கல்யாண முடி சூட்டி மணம் முடித்துவைக்கமாட்டார்.

மணப்பெண் கிளஃபீரா துறைமுக வழிகாட்டியின் மகள். விஷயத்தைக் கேட்டுவிட்டு மீன் செதில் சுரண்டுவதை நிறுத்தாமலே சொன்னாள்: "மூணு மாசம்னா காத்திருப்பேன். மூணு வருஷத்துக்கு வாக்குக் குடுத்தா அது பொய். போய்ப் பெரியவர் கால்ல விழு. சட்டையை மாத்திக்கிட்டு விழு."

முதலாம் வாரெஷ்கின், போர்ஃபீரி இக்னாத்யிச், கலங்கரை விளக்க எண்ணெய்க் கிடங்கின் தலைவர். வயது எழுபத்தாறு. வீட்டுச் செருப்போடு உட்கார்ந்து முட்டைக்கோஸ் சூப்பு குடித்துக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னதெல்லாம் கேட்டுட்டேன்," என்றார். "ஊர்ல தோட்டம் கிடக்கு. முட்டைக்கோஸ் உன் கல்யாணத்துக்காகக் காத்திருக்குமா, நாலு?"

"ஒரு வாரம் கழிச்சுப் போகலாமே, போர்ஃபீரி இக்னாத்யிச்."

"ஜப்பான்ல அழகான விசிறி கிடைக்கும். வாங்கிட்டு வந்து அவளுக்குக் குடு."

கெஞ்சிக் கெஞ்சி ஒசிப்பின் தொண்டை வறண்டதுதான் மிச்சம். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். வாசலில் நின்று, வெறும் மரியாதைக்காக, "செவஸ்தபோலுக்கு ஏதாவது வாழ்த்து எழுதிப் போடணுங்களா? நானே தபால்ல சேர்த்துடறேன்," என்றான்.

"எதுக்கு வாழ்த்து?"

"அங்க இருக்கற இரண்டாமவர் இனிமே முதலாமவர் ஆச்சே."

கரண்டி பாதி வழியில் நின்றது. "அப்ப நான்?"

"ஓய்வானவங்களுக்கு எண் கிடையாதுங்க. வெறும் வாரெஷ்கின்."

பெரியவர் ஏழாமவராகத் தொடங்கியவர். ஆறு பேர் மூழ்கி, மூத்து, முறைத்துக்கொண்டு விலகி வழி விட ஐம்பது வருடம் ஆனது. அந்த எண் கல்லறைக் கல் வரை கூட வரும் என்று நம்பியிருந்தார்.

"கடற்படைப் பள்ளியில என் பூட்ஸுக்குள்ள உப்பு மீனைப் போட்டவன்டா அவன்," என்றார் மெதுவாக. "அணிவகுப்பன்னிக்கு. அவனா முதலாமவன்?"

செருப்பை மாற்றாமலே தெருவில் இறங்கினார். எழுத்தரின் அலுவலகம் வரை ஒசிப்பால் ஓடித்தான் கூடப் போக முடிந்தது.

"உங்க ஓய்வுத் தாள் பதிவாயிடுச்சுங்க," என்றார் எழுத்தர்.

"காட்டு."

எழுத்தர் காட்டினார். பெரியவர் அதை நாலாக மடித்து வாயில் போட்டு, அவசரமில்லாமல் மென்று விழுங்கினார்.

"எந்தத் தாள்?" என்று கேட்டார்.

எழுத்தர் சன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். ஓர் எண் மாறினால் முழுப் பட்டியலையும் ஏழு பிரதி எடுக்க வேண்டும். அந்த வேலை அவருடையது. "நானும் எதையும் பார்க்கலீங்க," என்றார்.

ஆக, மூன்றாமவர் மூன்றாமவராகவே இருந்தார். அவர் லாவ்ர். மனைவி இறந்து ஐந்து வருடம். மாமியார் அவ்தோத்யா மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. ஒசிப் குற்ற உணர்ச்சியோடு வாசலிலேயே நின்று செய்தியைச் சொன்னான். உள்ளே அவ்தோத்யா, கால் துடைக்காமல் நுழையும் ஆண்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். லாவ்ர் செய்தியைக் கேட்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மன்னிச்சுடுங்க," என்றான் ஒசிப்.

"கட்டளைன்னா கட்டளை," என்று சுவரைப் பார்த்தே சொன்ன லாவ்ர், கால் மணி நேரத்தில் பெட்டி கட்டி முடித்தார்.

வெள்ளிக்கிழமை கப்பல் நகர்ந்தபோது துறையில் காற்று நன்றாக இருந்தது. கிளஃபீரா ஒசிப்பின் கையை, யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவ்தோத்யா விசும்பினாள். "அங்க அவனைக் கண்டிக்க யாரு இருக்கா?" பெரியவர் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் நின்றார்.

"என்ன பண்றான்? சொல்லுங்களேன்," என்றாள் அவ்தோத்யா.

கப்பல் தளத்தில் கரிய சிறு உருவம் ஒன்று ஒரு காலில் குதித்து, சுற்றி, மறு காலில் குதிப்பது ஒசிப்பின் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது.

"அழறான்மா," என்றார் பெரியவர். "தாங்கமுடியாம அழறான்."

"குடுங்க, நானும் பார்க்கிறேன்."

அவர் தொலைநோக்கியைக் கொடுக்கவில்லை. தூரத்தில் ஒரு தொப்பி பாய்மரத்தின் உயரத்துக்கு எழுந்து, காற்றில் ஒருமுறை புரண்டு, தண்ணீரில் விழுந்தது. அதை எடுக்க யாரும் குனியவில்லை. அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே கப்பலுக்குப் பின்னால் மிதந்தது.