பவுடர் பூசிய இன்ஜின்

இன்ஜினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மனைவியின் பவுடர் டப்பாவை அதன் மேல் கவிழ்த்துத் தட்டினான் மெக்கானிக். ஆயில் ஒழுகுகிற இடம் ஒன்று, தெரிகிற இடம் வேறொன்று. வண்டி ஓடும்போது காற்று அதை இழுத்துக்கொண்டு போய் எங்கெங்கோ அப்பிவிடும். பவுடர் போட்டு நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டால், ஒழுகும் இடத்துப் பவுடர் நனைந்து கையும் களவுமாக மாட்டும்.

வேறு நாளாக இருந்தால், வண்டிக்கு மேக்கப்பா என்று தங்கை புருஷன் கேலி செய்திருப்பான். இன்று முழங்கைக் கட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். முந்தாநாள் வளைவில் பின்சக்கரம் வழுக்கியதில், பின்னால் இருந்த தங்கை இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். டயரெல்லாம் ஆயில். அதற்கு நாலு நாள் முன்புதான் மெக்கானிக் அந்த வண்டியை சர்வீஸ் செய்து கொடுத்திருந்தான்.

"அடி போல்ட்டைச் சரியா முடுக்கலையோன்னு அம்மா கேக்குறாங்க, மச்சான்."

அம்மா கேட்கிறார்களாம்! மெக்கானிக்குக் காது சுட்டது.

"பாத்துடுவோம் மாப்ள."

வண்டியை ஸ்டார்ட் செய்தான். ஒரு நிமிஷம், இரண்டு, ஐந்து. ஆயில் மாற்றக் கழற்றிய அந்த போல்ட்டைச் சுற்றிப் போட்ட பவுடர் போட்டபடியே இருந்தது. அப்பாடா என்று வந்தது அவனுக்கு. மாப்பிள்ளை மண்டிபோட்டு, குனிந்து, விரலால் தடவியே பார்த்துவிட்டான்.

"காஞ்சு கெடக்கு. தப்பா நெனச்சுட்டேன் மச்சான். மனசுல வெச்சுக்காதீங்க."

மெக்கானிக்கின் பார்வை மேலே போனது. இன்ஜின் தலையில், வால்வுகளை மூடியிருக்கும் டேப்பட் மூடியின் ஓரத்தில் பவுடர் பழுப்பேறிக்கொண்டிருந்தது. சர்வீஸ் அன்று இன்ஜினில் சத்தம் கேட்கிறதே என்று அந்த மூடியையும் கழற்றியிருந்தான். உள்ளே ஆயிலைக் கசியவிடாத ரப்பர் வளையம் விறைத்துப் போயிருந்தது. புதிது கையில் இல்லை. "சீக்கிரம்ண்ணா" என்று தங்கை வாசலில் அவசரப்படுத்த, இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்று பழையதையே போட்டு மூடிவிட்டான். மாப்பிள்ளைக்கு அது தெரியாது.

கையில் துணி இருந்தது. ஒரே இழுப்பு, எல்லாம் சுத்தமாகிவிடும். துணி மூடி வரைக்கும் போய்விட்டது. தன்னை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

"மாப்ள, கீழ இல்ல." துணியைத் தரையில் போட்டான். "மேல பாருங்க."

வெளிச்சம் விழட்டும் என்று விலகி நின்றான். மாப்பிள்ளை மெல்ல எழுந்தான்.

"இதை யாரு தொறந்தது?"

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மூடியின் ஓரத்தில் திரண்ட துளி, வெள்ளைப் பவுடரில் ஒரு கோடு கிழித்துக்கொண்டு கீழே இறங்கியது.