அக்கா வீட்டுக் கூடத்தில் பல்பு நிற்பதில்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் எழுதுமேசைக்கு மேலிருந்த பல்பு ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாகப் போனதும் வயர்மேனைக் கூப்பிட்டேன். ஸ்டூலில் ஏறி ஹோல்டரைக் கழற்றியவர், "பல்பு மேல தப்பில்ல சார், ஹோல்டர் ஸ்பிரிங் செத்துப்போச்சு" என்றார். அப்புறம் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "எங்க அக்கா வீட்லயும் இப்படித்தான் போய்க்கிட்டே இருந்துச்சு. பாவம், மாமாவைப் போட்டுத் திட்டினோம்" என்றார். மேற்கொண்டு கேட்டேன். காதில் வாங்காதவர்போல வீட்டு வயர் ஜாயிண்டுகளை இழுத்துப் பார்த்தார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பாதிப் பேச்சை விட்டுவிட்டுப் போனால் எழுதுகிறவன் சும்மா இருப்பானா? மீதியை நானே இட்டுக்கட்டினேன்.

(நேரில் அவர் 'அவர்'தான். கதைக்குள் 'அவன்' என்றால்தான் எனக்குக் கை ஓடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

முதல் தொடக்கம்: 'இருள் என்பது ஒளியின்...' வேண்டாம். ஸ்டூல் மேல் நின்றுகொண்டு இப்படி யோசிக்கிறவனுக்குக் கரண்ட் அடித்துவிடும்.

இரண்டாவது தொடக்கம்: அக்கா வீட்டுக்கு வயரிங் செய்தது அவன்தான். தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை.

இது தேறும். குடிவந்து இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் கூடத்து விளக்கு போக ஆரம்பித்தது. புதிதாக மாட்டினால் பத்து நாள் தாங்கும், சில சமயம் மூன்றே நாள். அக்கா அந்த வெளிச்சத்தில்தான் தைப்பாள். ஒருநாள் மாமா மெதுவாக, "வேற ஆளைக் கூப்பிட்டுப் பாக்கலாமே" என்றார்.

"என் தம்பி போட்ட வயர்ல இன்னொருத்தன் கை வைக்கிறதா? முதல்ல நீங்க வாங்கிட்டு வர்ற மட்டமான பல்பைச் சொல்லுங்க!"

அவன் அங்கேதான் இருந்தான். "ஆமா மாமா, நல்லதாப் பாத்து வாங்குங்க" என்று ஒத்து ஊதினான். அக்கா நான்கு நாள் மாமாவுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

3

இந்த இடத்தில் அவனை அயோக்கியனாக்கப் பார்த்தேன். மனசு வரவில்லை. அவன் நிஜமாகவே தேடினான். ஹோல்டரை மாற்றினான், சுவிட்சை மாற்றினான், மீட்டரை வைத்து வோல்டேஜ் பார்த்தான். தான் போட்ட ஜாயிண்டை மட்டும் பிரித்துப் பார்க்கவில்லை. அடுத்தவன் செய்த வேலையென்றால் முதலில் அதைத்தான் பிரித்திருப்பான்.

[எனக்கும் இதே வியாதிதான். என் பத்தியில் பிழை இருந்தால் அச்சகத்தைத்தான் சந்தேகப்படுவேன்.]

ஒரு மதியம் கூடத்து அலமாரியை நகர்த்தியபோது பின்சுவரில் கை பட்டது. சுட்டது. மெயினை அணைத்துவிட்டு, அங்கிருந்த ஜங்ஷன் பாக்ஸின் மூடியைக் கழற்றினான். உள்ளே நியூட்ரல் ஜாயிண்ட், கரண்ட் திரும்பிப் போகிற வயரின் இணைப்பு. குடிவருவதற்கு முதல் நாள், அவசரத்தில், கனெக்டர் போடாமல் வயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தான். தொட்டதும் டேப் கரியாக உதிர்ந்தது. அந்த ஜாயிண்ட் விட்டுவிட்டுத் தொட்டதில்தான் ஒவ்வொரு பல்பும் அடிவாங்கியது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் பல்போடு நின்றிருக்காது. அலமாரி நிறைய அக்கா தைத்த துணிகள்.

கரிந்ததை வெட்டியெறிந்துவிட்டுக் கனெக்டர் போட்டான்.

"என்னடா, கண்டுபிடிச்சிட்டியா?" சமையலறையிலிருந்து அக்கா.

"ஆச்சுக்கா. இனிமே போகாது."

"என்ன கோளாறாம்?"

"அது வந்து..."

அந்த நேரம் பார்த்தா மாமா உள்ளே வரவேண்டும்? கையில் புது பல்பு, உயர்ந்த ரகம். "தப்பு என்மேலதான் மாப்ள. கஞ்சத்தனம் பண்ணிட்டேன், மனசுல வெச்சுக்காத" என்றார்.

அவன் அதை வாங்கி மாட்டினான். அது இன்றுவரை எரிகிறது. நல்ல பேரெல்லாம் பல்புக்கு.

4

முடிவு அ: அவன் சொல்லிவிடுகிறான். அக்கா, "போடா, எனக்கு அப்பவே தெரியும்" என்று சிரிக்கிறாள். (அடித்துவிட்டேன். மன்னிப்பை இவ்வளவு சல்லிசாக அள்ளிக் கொடுக்க நான் யார்?)

முடிவு ஆ: அவன் கடைசிவரை சொல்லவில்லை. அவன் அங்கே போகும்போதெல்லாம் மாமா விளக்கை நிமிர்ந்து பார்த்து, "பாத்தியா மாப்ள, நல்ல பொருள்னா நல்ல பொருள்தான்" என்று... (நிறுத்திவிட்டேன்.)

5

தாங்க முடியாமல் வயர்மேனையே வரவழைத்துப் படித்துக் காட்டினேன். தலையைக் குனிந்தபடியே கேட்டார்.

"யார் சார் சொன்னது?"

"யாரும் சொல்லல. என் வீட்ல ஒவ்வொரு ஜாயிண்டையும் மூணு தடவை இழுத்து இழுத்துப் பாத்தீங்க. மத்ததெல்லாம் கற்பனை."

"முடிவு எழுதாதீங்க சார். அக்கா என்ன சொல்லும்னு நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. இந்தக் காகிதத்தைக் குடுங்க. ஒரு வருஷமாப் பாக்குறேன், எனக்கு வாய் வரல. அக்கா கையில கிடைச்சா ஒரு வரி விடாமப் படிக்கும்" என்றார்.

கொடுக்கிறேன். இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் சேர்த்துக் கொடுக்கிறேன். மற்ற வாசகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அக்கா, இதில் எது நடந்தது, எது என் கைச்சரக்கு என்பது உங்கள் தம்பிக்குத்தான் தெரியும். மாமா வீட்டில் இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள். காகிதத்தை நீட்டியவர் எங்கும் போயிருக்க மாட்டார், உங்கள் எதிரிலேயேதான் நிற்பார். படித்தது போதும், நிமிர்ந்து அவரைப் பாருங்கள்.