மூன்று எழுத்துக்கூட்டில் ஒரு ஓபெத்

1791-இல் ஓஹையோ எல்லையில் செவ்விந்தியரோடு நடந்த போருக்குப் போன ஓபெத், ஒரு செவ்வாய்க்கிழமை காலை தன் வழிவந்த ஆர்லீன் ஸ்டிடம் வீட்டுச் சமையலறையில் மூன்று பேராக வந்து உட்கார்ந்திருந்தார். படைப்பட்டியல் எழுதிய புண்ணியவான் காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதித் தொலைத்ததுதான் காரணம்: ஸ்டிடம், ஸ்டெடம், ஸ்டீடாம். மூவரும் வேறு வேறு ஆட்கள் என்று போர்முன்னோர் சங்கம் அனுப்பிய கடிதம் திங்களன்று வந்தது. மறுநாள் இவர்கள் வந்தார்கள். மூவருக்கும் ஒரே பல் உடைந்திருந்தது, தரையெல்லாம் சேறு. முன்னோர் பெயரைத் தேடிப் பதினோரு வருடம் கோர்ட் கட்டிடங்களில் தூசி தின்ற ஆர்லீனுக்குத் துடைக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது.

எல்லாம் அப்பா லைலுக்காக. தொண்ணூற்று மூன்று வயது, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். அந்தப் போர்வீரர்களுக்காகக் கோர்ட் புல்வெளியில் நிறுத்தப்போகும் நினைவுக்கல்லில் தன் முன்னோர் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் கண்மூடுவேன் என்று அடம். வெள்ளிக்கிழமை கல்லைச் செதுக்கப்போகிறார்கள்.

ஆர்லீன் பட்டியலைப் பிரித்து விசாரித்தாள். ஸ்டிடம் வாபாஷ் ஆற்றங்கரைச் சண்டையில் செத்தவர். ஸ்டெடம் திரும்பும் வழியில் காய்ச்சலில் போனவர். இருவருக்கும் பிள்ளை கிடையாது. ஸ்டீடாம் பெயருக்கு எதிரே 'ஓடிப்போனவன்' என்று இருந்தது. அவர் சோள ரொட்டியை வெண்ணெயில் புரட்டிக்கொண்டிருந்தார்.

"தேடித் தேடி ஓடுகாலியா எனக்குக் கிடைக்கணும்?" என்றாள் ஆர்லீன்.

"அது அவங்க காடு, பொண்ணே. அவங்க சுட்டாங்க, நான் ஓடுனேன். ஓடலைன்னா நீ ஏது?"

அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது.

வெள்ளியன்று சங்கத்துக்காரி போன் செய்தாள். ஓடிப்போனவர் பெயர் கல்லில் ஏறாது, வாபாஷில் செத்தவர் எங்கள் முன்னோர் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், பெயரைச் செதுக்கிவிடலாம் என்றாள். லைல் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பொய்தான், அப்பா நிம்மதியாகப் போய்ச் சேருவார். ஆர்லீன் தவித்துப்போனாள்.

லைல் கையை நீட்டி ரிசீவரை வாங்கினார். "செத்தவருக்குப் புள்ளையே இல்லம்மா. நாங்க ஓடுனவரு வீட்டு ஆளுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கல்லில் அவர்கள் பெயர் இல்லை. செத்த இருவரும் அன்று சாயங்காலமே எழுந்து போய்விட்டார்கள். ஓடிப்போன ஓபெத் மட்டும் தங்கினார். பிப்ரவரியில் லைல் இறந்தபோது பெட்டி தூக்கிய ஆறு பேரில் அவரும் ஒருவர். பனி முழங்கால் அளவு கிடந்தது. மேடேறும்போது இரண்டு பேர் மூச்சுவாங்கித் தோள் மாற்றிக்கொண்டார்கள். ஓபெத் குழிவரைக்கும் பிடியை விடவில்லை.