லொரெல் திருப்பிக் கொடுத்த புள்ளி

லொரெல் ஹாஸ்கெட் இரண்டு முறை ஆஸ்திரேலிய டென்னிஸ் பட்டம் வென்றவள். இடி மாதிரி சர்வீஸ் என்று பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளின. அந்த இடிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று அவளுடைய அம்மா பெரிலைக் கேட்டிருந்தால், சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டியிருப்பாள். மகள் தோற்ற நாளெல்லாம் அப்பன் கிளெம் பெல்ட்டைக் கழற்றினான். முதலில் மகளைத்தான் அடித்தான். பட்டம் வாங்குகிற கை வீங்கிவிடக் கூடாதே என்று பிறகு மனைவி பக்கம் திரும்பிக்கொண்டான். ரொம்ப அக்கறையான மனுஷன்!

பிரிஸ்பேன் இறுதியாட்டத்தில் அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. லொரெல் இன்னும் இரண்டே புள்ளி எடுத்தால் மூன்றாவது பட்டம். ஜெயித்தால் அம்மா இன்றைக்குத் தப்பிப்பாள். அவளுக்கு அந்த நினைப்பு மட்டும்தான்.

எதிராளி ஜில் அடித்த பந்து கோட்டைத் தொட்டது. கோட்டு நடுவர் வெளியே என்று கையை நீட்டினார். லொரெல் வளர்ந்த மாட்டுப் பண்ணை ஊரில், கறையான் புற்று மண்ணை இடித்துப் பரப்பிய களத்தில், நடுவரே கிடையாது. எதிராளியின் பந்து உள்ளே விழுந்தால் நாமே சொல்லிவிட வேண்டும். சொல்லாதவளோடு அந்த ஊரில் ஒருத்தரும் டீகூடக் குடிக்க மாட்டார்கள். பழக்கம் முந்திக்கொண்டது.

"பந்து உள்ளதாங்க விழுந்துச்சு. புள்ளி ஜில்லுக்குக் குடுங்க."

சொன்ன பிறகுதான் அம்மா நினைவுக்கு வந்தாள். பார்வையாளர் வரிசையில் அப்பனும் அம்மாவும் உட்கார்ந்திருந்த இடத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆத்தாளுக்கு இருக்கிற புத்திதானே மகளுக்கும் இருக்கும்!" என்று கத்திக்கொண்டே கிளெம் பெரிலை ஓங்கி அறைந்தான். தொப்பி பறந்தது. உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையில் ரத்தம் வழிந்தது. பக்கத்து இருக்கைப் பெரிய மனிதர்கள் பீர் கோப்பைக்குள் பார்வையைப் புதைத்துக்கொண்டார்கள். குடும்ப விஷயமாம், வெட்கங்கெட்டவர்கள்.

லொரெல் பந்தை உயரே போட்டாள். உடம்பைத் திருப்பி, உயிரைக் கொடுத்து அடித்தாள். பந்து கிளெமின் மூக்கில் போய் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் களம்வரை கேட்டது.

"எந்திரிடா! இன்னொரு பந்து இருக்கு!"

எழுந்தான். அந்த இரண்டாவது பந்து பல்லைப் பெயர்த்தது.

"ஹாஸ்கெட், நீ வெளியே போ! பட்டம் ஜில்லுக்கு!" என்று தலைமை நடுவர் அலறினார்.

அவள் அதற்குள் வேலியைத் தாண்டியிருந்தாள். மட்டையின் விளிம்பு அவன் தோளில் இறங்கியது. மறுபடியும் இறங்கியது.

"உன்ன ஆளாக்குனவன்டி நான்!" என்று தரையில் கிடந்தபடி கிளெம் குழறினான்.

மூன்றாவது முறை ஓங்கிய மட்டையைப் பெரில் பிடித்துக்கொண்டாள்.

"போதும்டி. இவனுக்காக நீ ஜெயிலுக்குப் போவியா?"

"பட்டம் போச்சேம்மா..."

பெரில் குனிந்து, புருஷனின் சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்தாள்.

"போவட்டும். வா, நான் வண்டிய எடுக்கறேன். இன்னைக்கு ராத்திரியாவது நான் தூங்கணும்."