ஊசி திருப்பிய கை

விளையாட்டு விமானத்தின் எஞ்சின் ஓர் எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். அதன் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கிற எரிபொருள் ஊசியோ ஒரு தீக்குச்சிக்குப் பக்கத்தில் கூட நிற்காது. ஆனால் அந்த ஊசியைத் திருப்புவதில் மயிரிழை பிசகினால், மாசக்கணக்கில் உட்கார்ந்து ஒட்டிச் செய்த விமானம் மண்ணைக் கவ்விவிடும். அண்ணியின் விமானங்கள் இரண்டு ஏற்கெனவே மண்ணைக் கவ்வியாயிற்று. மூன்றாவது, காரின் பின்சீட்டில் போர்வைக்குள் கைக்குழந்தை மாதிரிப் படுத்திருந்தது.

அண்ணி என்பது மைதானத்தில் அவளுக்கு விழுந்த பெயர். மற்ற நாட்களில் அவள் ஆஸ்பத்திரி நர்ஸ், அதுவும் வார்டே நடுங்குகிற நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிளப் ஆட்கள் அத்தனை பேருக்கும் அண்ணி. அவள் புருஷனைக் காதுக்காரர் என்பார்கள். சத்தத்தைக் கேட்டே ஊசியை வைக்கிற மனுஷன். யாருடைய எஞ்சின் மக்கர் செய்தாலும் அவரிடம்தான் வரும். அவர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, ஊசியைத் திருப்புகிற அழகைப் பார்க்கவே நாலு பேர் சுற்றி நிற்பார்கள்.

விஷயம் ஒன்றும் பிரமாதமில்லை. ஊசியை உள்ளே திருகினால் எரிபொருள் குறையும், எஞ்சின் வேகமெடுத்துக் கீச்சென்று கத்தும். வெளியே திருகினால் எரிபொருள் கூடும், சத்தம் தடிக்கும், புகை கக்கும். கத்தலின் உச்சிக்குப் போய், அங்கிருந்து கொஞ்சம் பின்வாங்கி நிறுத்த வேண்டும். ஏனென்றால் விமானம் மூக்கைத் தூக்கி ஏறும்போது எரிபொருள் மேலே வரத் திணறும். தரையில் கையிருப்பு வைக்காத எஞ்சின் வானத்தில் விக்கிச் செத்துப்போகும்.

கல்யாணமான நாளிலிருந்து அண்ணி அவருக்கு வால் பிடித்தவள். நிஜமாகவே வால். அவர் முன்னால் குனிந்து ஊசியைத் திருப்பும்போது விமானம் பிய்த்துக்கொண்டு ஓடாமல் பின்னால் அமுக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே. பிடித்துப் பிடித்து அலுத்துப்போய்த்தான், நாமும் ஒன்று பறக்கவிட்டால் என்ன என்று இந்த வருஷம் ஆரம்பித்தாள். விமானம் அவளே செய்தாள், ரிமோட்டும் அவள் கையில்தான். ஊசி மட்டும் அவர் வைத்துக் கொடுப்பார். இரண்டு தடவையும் நெட்டுக்குத்தாக ஏறும்போது எஞ்சின் நின்றது.

"விடும்மா, சில பேருக்குக் கைராசி அமையாது," என்றார் இரண்டாவது விமானத்தின் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே. "இன்னொண்ணும் விழுந்துச்சுன்னா பேசாம எனக்கே வால் புடி. அதை நல்லாத்தானே செய்யறே."

திட்டியிருந்தால் கூடத் தேவலை. பாசமாகச் சொன்னார், அதுதான் சுருக்கென்று தைத்தது. ஊசி போட்டுக்கொள்ள இவள் டியூட்டி எப்போது என்று விசாரித்துவிட்டு வருகிற நோயாளிகள் உண்டு. அந்தக் கைக்கா ராசியில்லை? மூன்றாவதும் விழுந்தால் ரிமோட்டைத் தொடுவதில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்னால் செய்கிற ரகம் அவள்.

கிளப்பின் வருஷாந்திரப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது காதுக்காரருக்கு உடம்பு லேசாகச் சுட்டது. அண்ணி தெர்மாமீட்டரை அவர் அக்குளில் செருகிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். சற்று நேரத்தில் அது பீப் பீப் என்று கத்தியது. அவர் கையை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எடுங்க, ஆயிடுச்சு."

"எங்கே ஆச்சு? இன்னும் கத்தவே இல்லையே. பேட்டரி போயிடுச்சு போல."

தெர்மாமீட்டர் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அண்ணி மடித்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

ஒரு தடவை பார்த்ததை நர்ஸ் புத்தி நம்பாது. மறுநாள் கடிகார அலாரத்தை அவர் தலைமாட்டில் அடிக்கவிட்டாள். அதற்கடுத்த நாள், பக்கத்து அறையில் போன் மணியின் கீச்சுக் குரல். மனுஷன் அசையவில்லை. பேச்செல்லாம் நன்றாகக் கேட்கிறது, கதவு தட்டினால் கேட்கிறது. மெல்லிய உயர்ந்த சத்தம் மட்டும் போய்விட்டது. இத்தனை வருஷம் எஞ்சின் பக்கத்திலேயே காதை வைத்திருந்தால் போகாமல் என்ன செய்யும்? ஊர்க் காதையெல்லாம் டாக்டரிடம் அனுப்பியவள், வீட்டுக் காதைக் கோட்டை விட்டிருந்தாள். அவளுக்கு அழுகையே வந்தது.

அப்புறம்தான் மற்றதெல்லாம் கோர்வையாக வந்து விழுந்தது. கீச்சென்ற உச்சி அவருக்குக் கேட்பதில்லை. எஞ்சின் இன்னும் தடித்த குரலிலேயே ஓடுகிறது என்று நினைத்து, அவர் ஊசியை உள்ளே, இன்னும் உள்ளே திருகிக்கொண்டே போகிறார். அவர் ஊசி வைத்த எஞ்சின்கள் எல்லாமே இந்த வருஷம் நடுவானத்தில் நின்றன. எரிபொருள் கலப்படம் என்றார்கள், காற்று சரியில்லை என்றார்கள். அவருடைய விமானமும்தான் நின்றது. ஆனால் எஞ்சின் நின்ற விமானத்தைப் பூப்போல இறக்குவதில் அவர் சூரர், அதனால் எல்லாரும் கைதட்டினார்கள். அந்தச் சாமர்த்தியத்துக்கு ஏன் இவ்வளவு அடிக்கடி வேலை வருகிறது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

காதுக்காரரிடம் போய் உங்களுக்குக் காது போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? அண்ணி வாயை மூடிக்கொண்டாள். ஆனால் மூன்றாவது விமானத்தைக் காவு கொடுக்கவும் அவள் தயாராயில்லை.

போட்டியின் விதி எளிது. நெட்டுக்குத்தாக ஏற வேண்டும், வானத்தில் ஒரு வட்டம் அடிக்க வேண்டும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோட்டுக்குள் தரையிறங்க வேண்டும். அவளுக்கு முன்னால் போனவர்கள் எல்லாருடைய எஞ்சினும் காதுக்காரர் கைபட்டது. ஒன்று விடாமல் ஏற்றத்தில் நின்று, விமானங்கள் அறுந்த பட்டம் கணக்காய்த் தள்ளாடி இறங்கின.

அண்ணியின் முறை வந்தது. அவர் வழக்கம்போல் குனிந்து ஊசிக்குக் கை நீட்டினார்.

"வேணாங்க. இன்னைக்கு என் ஊசியை நான்தான் திருப்புவேன்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "உனக்கு என்னம்மா தெரியும் அதைப் பத்தி?"

"வால் புடிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

அவர் தள்ளிப்போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கிளப் செயலாளர் தர்மசங்கடத்துடன் வந்து வாலைப் பிடித்தார்.

எஞ்சின் பிடித்தது. அண்ணி சுழலும் விசிறிக்குப் பின்னால் குனிந்து, இடது உள்ளங்கையை விமானத்தின் முதுகில் வைத்தாள். பல வருஷம் அவள் உள்ளங்கைக்குள் ஓடிய அதிர்வு அது. எரிபொருள் அதிகமென்றால் தடதடவென்று முட்டும். சரியான இடத்தில் முட்டல் போய் வழவழவென்று ஓடும். அதையும் தாண்டினால் மெலிந்து, ஊசிக் குத்தலாய் நறநறக்கும். நோயாளியின் நாடி பார்க்கிற அதே மூன்று விரல்களை அழுத்தி, வலது கையால் ஊசியைத் திருப்பினாள். முட்டல், முட்டல், வழவழ, இதோ நறநற. போதும், திரும்பி வா. மறுபடி வழவழ. இன்னும் கொஞ்சம் பின்னால். அங்கே நிறுத்தினாள். எரிபொருள் வருகிற ரப்பர் குழாயைக் கண்ணிமைக்கிற நேரம் கிள்ளிவிட்டாள். எஞ்சின் ஒரு துள்ளு துள்ளி வேகமெடுத்து, விட்டதும் பழைய நடைக்கு வந்தது. கையிருப்பு இருக்கிறது.

பின்னால் வெள்ளைப் புகை கொட்டியது.

"அண்ணி, கொசு மருந்து அடிக்கப் போறீங்களா?" என்றான் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள். செயலாளர் கூட வாலைப் பிடித்தபடியே சிரித்தார்.

"சிரிச்சது போதும், விடுங்க!" என்றாள்.

விமானம் ஓடி எழும்பியது. மைதானத்தை ஒரு சுற்று வந்தபின் அண்ணி மூக்கைத் தூக்கினாள். நேரே மேலே. இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்த இடம் இதுதான். வெள்ளைப் புகை வானத்தில் செங்குத்தாக ஒரு கோடு போட்டுக்கொண்டே ஏறியது. இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. எஞ்சின் நிற்கவில்லை. ஏற ஏறக் குரல் கூர்மையானதே தவிர, ஒரு விக்கல் இல்லை. உச்சியில் அவள் விமானத்தைக் கவிழ்த்து, புகையாலேயே ஒரு முழு வட்டம் போட்டாள். பிறகு தாழ்ந்து, சக்கரம் தரையைத் தொட்டு, குடுகுடுவென்று ஓடிவந்து அவள் காலடியில் நின்றது. எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

சத்தம் போடாதீங்க என்று வார்டையே அதட்டுகிறவள், ரிமோட்டைத் தலைக்கு மேலே தூக்கித் தொண்டை கிழியக் கத்தினாள். கொசு மருந்து என்றவன்தான் முதலில் விசில் அடித்தான்.

காதுக்காரர் மெல்ல நடந்து வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "எப்படிம்மா கேட்டே? இத்தனை சத்தத்துக்கு நடுவுல எனக்கே பிடிபடலை."

"கேக்கலைங்க. கையால பார்த்தேன்." அண்ணி அவர் காதோரம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்குத் தெர்மாமீட்டர் பேட்டரி போகலைங்க."

அவர் கை தானாகவே காதுக்குப் போயிற்று. புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. கடைசி முறை அவருடையது, செயலாளர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காதுக்காரர் போய்த் தன் விமானத்தைக் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு ஊசிப் பக்கம் வராமல், சுற்றிக்கொண்டு பின்னால் போய் மண்டியிட்டு வாலைப் பிடித்தார்.

"நீ திருப்பு," என்றார். "நான் கையால பார்க்கிறேன்."

அண்ணி ஊசியைத் திருப்பினாள். சத்தம் ஏறியது. அவர் பழக்கதோஷத்தில் தலையைச் சாய்த்தார், பிறகு நிமிர்ந்து, உள்ளங்கையை அழுத்தினார். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே கூவினார்: "நிறுத்து! இதான்! இங்கேதான்!"

அந்த வருஷத்தில் முதல் தடவையாக அவர் விமானம் எஞ்சின் ஓட இறங்கியது. சந்தோஷத்தில் கோட்டைத் தாண்டி இறக்கிவிட்டார். கோப்பை அண்ணிக்கு, இரண்டாமிடம் அவருக்கு. இரண்டாமிடத்தை இவ்வளவு பெருமையாக வாங்கிக்கொண்ட ஆளை அந்த மைதானம் பார்த்ததில்லை.

செயலாளர் தன் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தார். "காதுக்காரரே, இதையும் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்."

"என் காது போச்சுப்பா," என்றார் அவர், எல்லாருக்கும் கேட்கும்படி. "உங்க எஞ்சினையெல்லாம் நிறுத்தினது நான்தான். அங்கே காட்டு. கைராசின்னா என் பொண்டாட்டி கைராசிதான்."

பிறகு ஒவ்வொருத்தராக விமானத்தை எடுத்துக்கொண்டு அண்ணியைச் சுற்றி முண்டியடித்தார்கள். அவள் கோப்பையைப் புல்லில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தள்ளாதீங்க, வரிசையா வாங்க," என்றாள், வார்டுக் குரலில். காதுக்காரர் அதற்குள் முதல் விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.